ஜி.டி. நாயுடுவும் ஒரு சவரக் கருவியும்

பேட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் பழைய சவரக் கருவி ஒன்று இருக்கிறது. கொழும்பில் வணிகம் செய்துவந்த என் பெரியப்பா, 1970-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. 'ஷிக் இஞ்செக்டர்' என்பது அதன் பெயர். பிளேடுகளை அடுக்கிவைத்த சிறு கூடு ஒன்று அதனுடன் வரும். கூட்டின் முனையைக் கருவியின் பக்கவாட்டில் பொருத்தித் தள்ளினால் புதிய பிளேடு உள்ளே செல்லும். பழையது மறுபக்கம் வெளியே விழும். விரலில் கூர் படாது. துப்பாக்கியில் தோட்டா நிரப்புவதைப் பார்ப்பதுபோல் சிறுவர்களாகிய நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம்.

கொண்டுவந்த கூடுகள் இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிட்டன. திருநெல்வேலி டவுனில் அவர் ஏறி இறங்கிய கடைகளில் அசோக், பாரத் என்று இருபுறமும் கூருள்ள பிளேடுகளே கிடைத்தன. அவை இந்தக் கருவியில் பொருந்தா. பெரியப்பா தம் பழைய கருவிக்கே திரும்பினார்.

கோவை அவிநாசி சாலை உயர்மட்ட மேம்பாலத்துக்கு 2025-இல் ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்ட செய்தியைப் படித்தபோது, எனக்கு இந்தக் கருவிதான் நினைவுக்கு வந்தது. சவரக் கருவித் துறையில் 1930-களிலேயே உலகச் சந்தையின் வாசல்வரை சென்ற தமிழர் அவர். அந்த வாசலை அவர் ஏன் தாண்டவில்லை என்பது பொருளியல் கற்பித்த எனக்கு நெடுநாளாக இருந்துவரும் கேள்வி.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. அதை வாங்குவதற்காகவே கோவை உணவகம் ஒன்றில் பணியாளராகச் சேர்ந்து பணம் சேர்த்தார். வாங்கியதும் ஓட்டி மகிழவில்லை. பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920-இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

கையில் பணம் சேர்ந்ததும் ஐரோப்பியத் தொழிற்கூடங்களைச் சுற்றிப் பார்த்தார். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவில் படம்பிடித்தவரும் அவரே. அந்தக் காலகட்டத்தில் உருவானதுதான் 'ரேசன்ட்' என்னும் சவரக் கருவி. ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு அதிவேகமானது என்று பொருள். உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் அதன் உள்ளே இருந்தது. மிக மெல்லிய சவர பிளேடுகளையும் அவர் உருவாக்கினார்.

அன்றைய உலகச் சந்தையில் இதன் இடத்தை அறிய, மற்ற இருவரைப் பார்க்க வேண்டும். அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1901-இல் நிறுவனம் தொடங்கினார். 1903-இல் அவர் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டே கருவிகளின் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. காகிதம்போல் மெல்லிய பிளேடை வளைத்து, இரு தகடுகளுக்கு இடையே திருகிப் பிடிக்கும் அமைப்பு அது. 1921-இல் அவருடைய மூலக் காப்புரிமை முடிந்தது; பிறகு உலகில் எவரும் அந்த அளவில் பிளேடு செய்யலாம் என்றாயிற்று. பெரியப்பாவுக்கு அசோக் பிளேடு டவுனில் கிடைத்ததன் மூலகாரணம் இதுவே.

அமெரிக்க ராணுவ அதிகாரியான ஜேக்கப் ஷிக் வேறு வழியில் சென்றார். தொடர் துப்பாக்கியின் தோட்டா அடுக்கைப் பார்த்து, 1920-களில் இஞ்செக்டரை அமைத்தார். அதன் பிளேடு ஒருபுறம் மட்டுமே கூருடையது. ஜில்லெட் பிளேடைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு தடிமன். அதனால் வளையாமல், அதிராமல் நிற்கும். கருவியின் தலை சிறியது. மூக்கின் அடியிலும் எளிதாக நுழையும். வழவழப்பாக மழிப்பதில் இஞ்செக்டரே மேல் என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஓரிரு முறை பயன்படுத்தியிருக்கிறேன். அவர் சொன்னது சரிதான். ஆனால், ஜில்லெட் பிளேடு எல்லார்க்கும் பொதுவான அளவாகிவிட்டது. ஷிக்கின் பிளேடு அவருடைய கருவி விற்ற நாடுகளைத் தாண்டவில்லை. ஷிக்கும் அதிலேயே நின்றுவிடவில்லை. அந்த நிறுவனத்தை விற்று, அந்தப் பணத்தில் மின் சவரக் கருவியை உருவாக்கி 1931-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அது கம்பியால் மின் இணைப்பு பெறுவது. நாயுடுவின் கருவியோ மின்சாரம் எட்டாத ஊரிலும் ஓடக்கூடியது.

இவ்வளவு இருந்தும் ரேசன்ட் இங்கே ஒரு தொழிலாக வேரூன்றவில்லை. நம் கட்டுரையாளர்கள் பலர் இதற்கும் சேர்த்து உரிமக் கட்டுப்பாட்டு ஆட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழில் உரிமச் சட்டம் 1951-ஆம் ஆண்டினது. ரேசன்ட் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. இன்னொரு பொருளின் கதையை அருகில் வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் உள்நாட்டின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினர். அது நிலைத்தது, கோவையே பம்புசெட்டு நகரமாயிற்று. நாயுடுவின் கைத்திறன் இரண்டிலும் ஒன்றே. ஆனால், மோட்டாருக்கு வாங்குவோர் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தனர், கிணறுகள் ஆழமாகிக்கொண்டிருந்தன, பைக்காரா மின்சாரம் அப்போதுதான் சமவெளிக்கு இறங்கியிருந்தது, வார்ப்படம் செய்யவும் உள்ளூரில் ஆள் இருந்தனர்.

சவரக் கருவிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பிளேடுக்கான எஃகுப் பட்டை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மின்கலம் தீரத் தீர வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிதிருத்தும் தொழிலாளர் வீட்டுத் திண்ணைக்கே வந்து, அறுவடையில் நெல்லைக் கூலியாகப் பெற்றுச் செல்லும் சமூகம் இது. தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்வோர் நகரத்து அலுவலர்கள் சிலரே. அந்தத் தொழிலாளரின் உழைப்புக்கு நாம் கொடுத்த விலை அத்தனை குறைவாக இருந்தவரை, கருவிக்கு இங்கே சந்தை பிறக்க வழியில்லை.

பிற்காலத் தோல்விகளில் அரசுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு வானொலி தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் காரைச் செய்துகாட்டினார். அதற்கு உரிமம் மறுக்கப்பட்டது. வரி விதிப்பைக் கண்டித்து, தாம் செய்த பொருள்களைத் தாமே மக்கள் முன்னிலையில் உடைத்தார். ஷிக்குக்கும் வரியோடு பிணக்கு இருந்தது. அவர் 1935-இல் கனடா நாட்டுக் குடிமகனாகிவிட்டார். நாயுடு கோவையைவிட்டு எங்கும் போகவில்லை. இரண்டில் எது புத்திசாலித்தனம் என்று வகுப்பில் கேட்டால், மாணவர்கள் பெரும்பாலும் ஷிக்கின் பக்கமே கை தூக்குவார்கள்.

நாயுடுவிடமும் குறை உண்டு. ஒரு பொருள் உருவாகி முடிந்ததும் அவர் மனம் அடுத்ததற்குத் தாவிவிடும். பருத்தி, சோளம், பப்பாளி என்று பயிர்களையும் விட்டுவைக்கவில்லை. பிளேடு விற்பவருக்கு வேண்டிய, ஒரே பொருளை இருபது ஆண்டுகள் விற்கும் பொறுமை அவரிடம் இல்லை. அந்தப் பொறுமையின்மையே கல்வியில் அவருக்குப் பலமாயிற்று என்பேன். 1945-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் தொழிற்பயிலகமும் பொறியியல் கல்லூரியும் அவருடைய முயற்சியால் உருவாயின. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டே போதும் என்று வாதிட்டார், அரசு ஏற்கவில்லை, விலகிக்கொண்டார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

எங்கள் பேட்டையிலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் சென்ற மாதம் பெரியப்பாவின் கருவியைக் காட்டினேன். உள்ளே துருவேறிக் கிடந்த கடைசி பிளேடை எடுத்துப் போய், மறுநாள் அளந்து வந்தான். தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். வெட்டித் தீட்டுவது கடினமில்லை, இந்த எஃகுப் பட்டை எங்கே விலைக்குக் கிடைக்கும் தாத்தா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.