பிராட்வேக்குப் பெயர் கொடுத்த சந்தைக்காரர்



பாரிமுனைப் பக்கம் போக வேண்டுமென்றால் இன்றும் நாம் கண்டக்டரிடம் 'பிராட்வே' என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். அந்தத் தெருவுக்கு இப்போது பிரகாசம் சாலை என்று பெயர். பழைய முழுப் பெயர் பாப்ஹாம்ஸ் பிராட்வே. அந்தப் பாப்ஹாம் யார் என்று தெரிந்துகொள்வது நம்மைப் போன்ற சங்கத்தாருக்குப் பயன்படும்.

ஸ்டீபன் பாப்ஹாம் ஒரு வழக்கறிஞர். அயர்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1778-ல் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். சில வருடங்களிலேயே ஹைதர் அலியுடன் போர் மூண்டது. கூடவே பஞ்சமும் வந்தது. நம் ராயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள மணியக்காரர் சத்திரம் 1782-ல் கஞ்சித் தொட்டியாகத் தொடங்கியது அந்தப் பஞ்சத்தில்தான்.

அதே 1782-ல் பாப்ஹாம் அரசுக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். தெருக்களுக்கு வடிகால் வெட்ட வேண்டும், பெயர் வைக்க வேண்டும், விளக்குப் போட வேண்டும், பிறப்பு இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், சாராயக் கடைகளுக்கு உரிமம் வேண்டும், ஒழுங்கான போலீஸ் வேண்டும் என்பவை அதில் இருந்தன. நம் பொதுக்குழுவில் இன்றைக்கும் பேசுகிற விஷயங்கள்தானே!

அவருக்கு இதில் சொந்த லாபம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளமான நிலத்தை அவர் வாங்கியிருந்தார். அதை மேடாக்கி, அகலமான தெரு போட்டு, சந்தையும் வைத்தார். வடிகால் வந்தால் முதலில் விலை ஏறுவது அவருடைய நிலம்தான். வங்கியில் கணக்குப் பார்த்த எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. தன் வாசலில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று நினைப்பவர்தான் தெருவின் வடிகாலைப் பற்றிப் பேச முன்வருவார்.

1795-ல் காஞ்சிபுரத்தில் குதிரை வண்டியிலிருந்து விழுந்து பாப்ஹாம் இறந்தார். சந்தை மட்டும் அவர் பெயரில் நூறு வருடத்துக்கு மேல் நடந்தது. ஆனால் போகப் போக நெரிசலும் சுகாதாரக் கேடும் மிகுந்துவிட்டன. சுத்தமான நகரம் வேண்டும் என்று எழுதியவரின் சந்தைக்கே அந்தக் கதி! கடைசியில் அங்கிருந்த வியாபாரிகளுக்காக மாநகராட்சி வேறு கட்டடம் கட்டியது. 1898-ல் அடிக்கல் நாட்டி 1900-ல் திறந்த அதுதான் மூர் மார்க்கெட். 1985-ல் அது தீயில் அழிந்ததை நம்மில் பலர் அறிவோம். இன்று சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம் இருக்கும் இடம் அது.

கட்டுவதற்கு ஒரு பாப்ஹாம் போதும். ஆனால் சுத்தமாக வைத்துக்கொள்ள வருடா வருடம் ஆளும் பணமும் வேண்டும். மழைக்கு முன் வடிகால் தூர்வாரும் செலவு அடுத்த கூட்டத்தில் பேச்சுக்கு வரும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.