ஜூலியோ நட்டாவும் ஒழுங்குக்கு வந்த மூலக்கூறுகளும்

அரிசி மூட்டைக்கான வெண்சாக்கு, மருத்துவமனையில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிக்குழல், தண்ணீர் புட்டியின் மூடி, கொதிநீர் ஊற்றினாலும் இளகாத டப்பா. இவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற ஒரே பொருளால் ஆனவை. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் இத்தாலிய வேதிப் பொறியாளர் ஜூலியோ நட்டா. பாடநூல்களில் அவர் பெயர் தனித்து வருவதில்லை; ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஸீக்லரின் பெயரோடு இணைந்து, ஸீக்லர் - நட்டா வினையூக்கி என்றே வருகிறது. அவ்விரு பெயர்களுக்கு இடையே உள்ள சிறு கோடு, அந்த இருவருக்கும் இடையே நிலவிய மனக்கசப்பைச் சொல்வதில்லை.

நட்டா 1903 பிப்ரவரி 26-இல், இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் இன்று இம்பீரியா எனப்படும் ஊரில் பிறந்தார். மிலான் பாலிடெக்னிக் நிறுவனத்தில் 21 வயதிலேயே வேதிப் பொறியியல் பட்டம் பெற்றார். ஊடுகதிர்களைப் படிகங்களின் ஊடே செலுத்தி, அணுக்கள் அமைந்துள்ள விதத்தை அறிவதே அவரது தொடக்ககால ஆய்வு. தொழிற்சாலைக்குப் பயன்படும் வேதியியலையும் அணுக்களின் அமைப்பை ஆராயும் இயற்பியலையும் ஒருசேரக் கற்றவர் அன்று அரிது. பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது இந்தக் கூட்டுப் பயிற்சியே.

1932-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகருக்குச் சென்றபோது ஹெர்மன் ஸ்டாடிங்கரின் ஆய்வுகள் அவருக்கு அறிமுகமாயின. ரப்பரும் பஞ்சும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை என்ற ஸ்டாடிங்கரின் கருத்தைப் பலர் நெடுங்காலம் ஏற்க மறுத்தனர். நட்டா அதைப் பற்றிக்கொண்டார்.

1938-இல் அவர் மிலானுக்குத் திரும்பி, தொழில்சார் வேதியியல் துறையின் தலைமையை ஏற்றார். அந்த இடத்தில் அதுவரை இருந்தவர் மரியோ ஜாக்கோமோ லேவி. முசோலினி அரசின் இனச் சட்டங்கள், யூதர் என்பதற்காகவே லேவியைப் பதவியிலிருந்து அகற்றின. அந்தச் சட்டங்களை இயற்றியவர் நட்டா அல்லர். ஆயினும், வெளியேற்றப்பட்ட ஒருவரின் இருக்கையில்தான் அவர் அமர்ந்தார். அவரது வரலாற்றை எழுதுவோர் இதை விட்டுவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது.

போர்க்காலத்தில் செயற்கை ரப்பர் ஆய்வில் ஈடுபட்ட நட்டாவுக்கு, போருக்குப் பின் மோந்தெகத்தீனி என்ற பெரும் நிறுவனத்தின் ஆதரவு கிடைத்தது. 1952-இல் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் ஸீக்லரின் உரையைக் கேட்டதுதான் திருப்புமுனை. உலோகமும் கரிமமும் நேரடியாகப் பிணைந்த சேர்மங்களை ஆராய்ந்து வந்த ஸீக்லர், அலுமினியச் சேர்மத்தைக் கொண்டு எத்திலீன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் வழியை விளக்கினார். நட்டாவின் ஏற்பாட்டில் மோந்தெகத்தீனி நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இத்தாலிய இளம் ஆய்வாளர்கள் ஸீக்லரின் மூல்ஹைம் ஆய்வகத்துக்கே சென்று பணியாற்றினர்.

அந்த ஆய்வகத்தில் ஒருமுறை, கலனில் எஞ்சியிருந்த மிகச் சிறிதளவு நிக்கல் சங்கிலி வளர்வதைத் தடுத்துவிட்டது. ஓர் உலோகம் தடுக்குமானால் வேறொன்று வளர்க்கக் கூடுமோ என்று ஸீக்லரின் குழு வரிசையாகச் சோதித்தது. 1953-ஆம் ஆண்டின் இறுதியில் விடை கிடைத்தது. அலுமினியச் சேர்மத்தோடு டைட்டானியம் குளோரைடைக் கலந்தால், அதுவரை ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் தேவைப்பட்ட பாலிஎத்திலீன், சாதாரண அழுத்தத்திலேயே உருவாயிற்று.

செய்தி மிலானை எட்டியது. ஸீக்லர் எத்திலீனில் முனைந்திருக்க, நட்டா அதன் அடுத்த உறவான புரொப்பிலீனைக் கையிலெடுத்தார். 1954 மார்ச் 11-ஆம் தேதியிட்ட அவரது குறிப்பேட்டில் பாலிபுரொப்பிலீன் உருவான செய்தி மிகச் சுருக்கமாகப் பதிவாகியுள்ளது. கிடைத்தது பிசுபிசுப்பான கலவைதான். அதைக் கரைப்பான்களால் பிரித்தபோது உறுதியான வெண்பொடி ஒன்று தனியே நின்றது. ஊடுகதிர்ச் சோதனை அது படிகம் என்று காட்டியது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் தொங்கும் மெத்தில் தொகுதி, ஒரே பக்கமாக அணிவகுத்து நின்றது. அதனால் சங்கிலிகள் திருகுபோல் சுருண்டு, நெருங்கி அடுங்கின. தாறுமாறாகத் தொங்கினால் அதே பொருள் வெறும் பசை. ஒழுங்காக நின்றால் ஏறத்தாழ 165 பாகை செல்சியஸ் வரை உருகாத திடப்பொருள். இத்தகைய ஒழுங்கை உயிரினங்கள் மட்டுமே படைக்க வல்லவை என்று அதுவரை கருதப்பட்டு வந்தது.

இந்த அமைப்புக்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து ஐசோடாக்டிக் என்று பெயர் சூட்டியவர் நட்டாவின் மனைவி ரோசிட்டா. அவர் வேதியியலாளர் அல்லர், இலக்கியம் பயின்றவர். வேதியியல் மாணவர் ஒவ்வொருவரும் உச்சரிக்கும் அச்சொல்லின் பின்னே ஓர் இலக்கியப் பட்டதாரி இருப்பது பலருக்குத் தெரியாது.

நட்டா அவ்வாண்டு ஜூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸீக்லரின் ஆய்வகமும் அதே ஆண்டில் பாலிபுரொப்பிலீனை உருவாக்கியது. ஆனால், இத்தாலியர்கள் முந்திக்கொண்டிருந்தனர். தாம் நம்பிப் பகிர்ந்த தகவலைக் கொண்டு, தமக்குச் சொல்லாமலேயே நட்டா முன்னேறிவிட்டார் என்ற வருத்தம் ஸீக்லருக்கு. ஒப்பந்தத்தின் எழுத்தை நட்டா மீறவில்லை என்று வாதிடலாம். ஆனால், வினையூக்கி ஸீக்லருடையது. ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. அதே வேளையில், அந்த வெண்பொடியைப் படிகம் என்று உணரும் கண் மிலானில்தான் இருந்தது என்பதையும் மறுக்க இயலாது.

1957-இல் ஃபெராரா நகரில் உற்பத்தி தொடங்கியது. மோப்லன் என்ற வணிகப் பெயருடன் வாளியும் கிண்ணமும் இத்தாலிய வீடுகளை நிறைத்தன. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டே நட்டாவை நடுக்குவாதம் பற்றியிருந்தது. 1963-இல் ஸீக்லருக்கும் அவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது, மகனும் சகப் பணியாளர்களும் துணை நின்றே ஸ்டாக்ஹோமில் அவர் தமது உரையை நிகழ்த்த முடிந்தது. 1968-இல் ரோசிட்டா மறைந்தார். அமெரிக்காவில் ஐந்து நிறுவனங்களுக்கு இடையே நடந்த காப்புரிமை வழக்கோ நீண்டுகொண்டே போயிற்று. படிகப் பாலிபுரொப்பிலீனுக்கான உரிமை 1983-இல் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்துக்குச் சென்றது. அதன் ஆய்வாளர்கள் 1951-லேயே வேறொரு வினையூக்கியால் அப்பொருளைப் பெற்றிருந்தனர்.

நட்டாவின் பணிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 1958-இல் அவரது குழு, அலுமினிய - டைட்டானிய வினையூக்கியைக் கொண்டு அசிட்டிலீனைச் சங்கிலியாக்கியது. கிடைத்தது கருநிறத் தூள். எதிலும் கரையாது, உருகாது, வார்க்கவும் முடியாது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் அச்சங்கிலியில் எலெக்ட்ரான்கள் நகர வாய்ப்புண்டு என்றாலும், தூளை வைத்துக்கொண்டு எதையும் செய்ய வழியில்லை. உலகம் அதை ஒதுக்கிவைத்தது.

1967-இல் டோக்கியோவில் ஹிடேகி ஷிரகாவாவின் ஆய்வகத்தில், வினையூக்கி தவறுதலாக ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. தூளுக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும் மென்படலம் உருவாயிற்று. பின்னர் ஆலன் மெக்டையார்மிட், ஆலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து ஷிரகாவா அப்படலத்தில் அயோடின் ஆவியைச் செலுத்தியபோது, அதன் மின்கடத்துத் திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் குறித்த அக்கட்டுரை 1977-இல் வெளிவந்தது. நட்டா அப்போது உயிரோடிருந்தார். 1979 மே 2-இல் பெர்காமோ நகரில் அவர் காலமானார். மூவருக்கும் நோபல் பரிசு 2000-ஆம் ஆண்டில் கிடைத்தது. ஷிரகாவாவின் குடுவையில் இருந்தது, மிலானில் கருந்தூளைத் தந்த அதே வகை அலுமினிய - டைட்டானிய வினையூக்கிதான்.