பெயர்களைக் கடந்த பண்டிதர்

நீ யார் என்று ஒருவனைக் கேட்டால் அவன் முதலில் தன் பெயரைச் சொல்கிறான். பின்னர் ஊரைச் சொல்கிறான். நம் நாட்டில் கேள்வி அத்துடன் முடிவதில்லை. கேட்டவன் வாய் திறவாமலே மற்றொன்றையும் கேட்கிறான். மற்றவனும் தலை குனிந்து அதற்கும் விடை சொல்லி விடுகிறான். பிறர் தம்மீது ஒட்டிய பெயரே தாம் என்று நம்பி வாழ்ந்து மடிந்த தலைமுறைகள் எத்தனை! அயோத்திதாசப் பண்டிதரின் சரித்திரத்தை உபாசக அன்பர்கள் பலமுறை கேட்டிருக்கலாம். ஆயினும், தமக்கும் தம் மக்களுக்கும் உரிய பெயரை ஒரு மனிதர் தேடிச் சென்ற சரித்திரமாக அதனை ஈண்டு மீண்டும் சொல்லப் புகுகிறோம்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன் என்பது. கிராமத்து எல்லையிலும் மரத்தடியிலும் நின்று காக்கும் வீரனுடைய பெயர் அது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற் பணி புரிந்தவர். அவர் வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. அவற்றுள் திருக்குறளும் நாலடியாரும் எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்ந்த வரலாற்றைப் பண்டிதரே பின்னாளில் எழுதி வைத்தார். அன்பர்களே, இதனைச் சற்றே சிந்தியுங்கள். எழுத்தறியாதவர் என்றும் தீண்டத்தகாதவர் என்றும் உலகம் யாருக்குப் பெயரிட்டதோ, அவர் வீட்டிலே திருக்குறள் இருந்தது. ஒட்டிய பெயர் ஒன்று; உள்ளே இருந்த பொருள் வேறொன்று.

காத்தவராயன் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரிடம் கல்வி பயின்றார். தமிழும் சித்த மருத்துவமும் அவருக்குக் கைவந்தன. வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். ஆசிரியர்மீது கொண்ட பக்தியால் அவர் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். பிறப்பினால் வந்த பெயர் நீங்கிற்று; கல்வியினால் வந்த பெயர் நிலைத்தது. இது அவர் வாழ்க்கையின் முதல் பெயர் மாற்றமாகும்.

பின்னர் அவர் நீலகிரியில் வாழ்ந்தார். அங்குள்ள மலைவாழ் மக்களையும் எளிய மக்களையும் ஒன்று திரட்ட முயன்றார். 1876ஆம் ஆண்டில் அத்வைதானந்த சபை ஒன்றை அமைத்தார். அக்காலத்தில் அவர் வேதாந்தத்திலே விடுதலை தேடினார். எல்லா உயிரும் ஒன்றே என்று சொல்லும் தத்துவம் தெருவிலும் கோயில் வாயிலிலும் மனிதரை ஒன்றாக்கும் என அவர் நம்பியிருத்தல் கூடும். குடும்பத்தில் வைணவப் பற்றும் இருந்தது. பட்டாபிராமன், ஜானகிராமன் என மக்களுக்கு இட்ட பெயர்கள் அதனைக் காட்டும்.

1885ஆம் ஆண்டில் ஜான் ரத்தினம் என்னும் கிறிஸ்தவப் போதகருடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் பத்திரிகையை நடத்தினார். மறு ஆண்டில், தீண்டப்படாதார் எனப்படுவோர் இந்துக்கள் அல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தார். 1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. கல்வியும் உரிமையும் வேண்டித் தீர்மானங்கள் பத்து அங்கே நிறைவேறின.

அதற்கடுத்த ஆண்டில் நேர்ந்தது ஒன்று. 1892இல் சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் சென்னை மகாஜன சபை கூடியது. நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்ற பண்டிதர் அங்கே எழுந்து நின்று, கடவுள் எல்லாருக்கும் பொதுவாயின் எம்மவர் ஏன் விஷ்ணு ஆலயத்திலும் சிவாலயத்திலும் நுழையலாகாது என வினவினார். அவையில் கூச்சல் எழுந்தது. அக்கோயில்கள் உங்களுக்கு உரியவை அல்ல, மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனுமே உங்களுக்கு உரியவர்கள் என்னும் கருத்துடன் ஒருவர் விடையிறுத்தார். இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகிய கோரிக்கைகளுக்குச் சபையார் இணங்கினர். கோயில் வாயிலுக்கு மட்டும் இணங்கவில்லை.

அந்தப் பட்டியலில் இருந்த தெய்வங்கள் யார்? காத்தவராயனின் கூட்டத்தார் அல்லரோ! நாற்பத்தாறு வயதை எட்டியிருந்த ஒரு பண்டிதர், நான்கு மொழிகள் பயின்றவர், பல ஆண்டுகளுக்கு முன் களைந்து வந்த பெயரையே அவையோர் எடுத்து மீண்டும் அவர் தோளில் போர்த்தினர். எவ்வளவு கற்றாலும் உன்னை நாங்கள் இட்ட பெயரால்தான் அறிவோம் என்பதே அன்று கிடைத்த விடையின் பொருள். பிறர் வாயிலில் நின்று தம்மைத் தேடினால் தம்மைக் காண முடியாது என்பது அவருக்கு அன்று விளங்கியிருக்க வேண்டும்.

நிற்க. ஜனத்தொகைக் கணக்கு என்பது அரசாங்கம் மனிதருக்குப் பெயரிடும் சடங்காகும். 1881ஆம் ஆண்டுக் கணக்கின்போதே தம் மக்களைப் பூர்வத் தமிழர் எனப் பதிய வேண்டும் என்று பண்டிதர் கேட்டார். பின்வந்த கணக்குகளின் போதும் சாதிபேதமற்ற திராவிடர் என எழுதச் சொன்னார். பறையர் என்னும் பெயரையும் அவர் ஏற்கவில்லை. அரசாங்கமும் அன்பர் சிலரும் இரங்கி அளித்த பஞ்சமர் என்னும் பெயரையும் ஏற்கவில்லை. முன்னது பகைவர் இட்ட பெயர். பின்னது நான்கு வருணத்திற்கு வெளியே ஐந்தாவதாக நிறுத்தும் பெயர். இகழ்ந்து கட்டினாலும் இரங்கிக் கட்டினாலும் கயிறு கயிறுதானே!

இவ்விடத்தில் மற்றொரு பெரியாரையும் நினைத்தல் தகும். பண்டிதரின் மைத்துனராகிய இரட்டைமலை சீனிவாசனார் 1893ஆம் ஆண்டில் பறையன் என்னும் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அந்தப் பெயரை முகப்பில் அச்சிட்டு நிமிர்ந்து நிற்பது அவர் வழி. அப்பெயரையே கழற்றி எறிவது பண்டிதர் வழி. ஒரே குடும்பம்; ஒரே நோய்; மருந்து வேறு. இருவரில் யார் சரி என்று இன்றும் வழக்காடுவோர் உளர். நாம் அவ்வழக்கில் புகோம். பிறர் இட்ட பெயருக்கு இருவரும் தலை குனியவில்லை என்பதே நாம் கொள்ளத்தக்கது. பண்டிதர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1922இல், எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் சென்னை அரசாங்கம் பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என எழுத ஆணையிட்டது.

நாம் பஞ்சாலையில் பாடுபட்ட காலத்தில் நமக்குப் பித்தளை வில்லையில் பொறித்த எண் ஒன்று இருந்தது. ஆலை வாயிலில் அந்த எண்ணே நம் பெயர். உள்ளே மேஸ்திரியின் வாயில் வேறொரு பெயர் வழங்கிற்று. அது நம் குலத்தின் பெயர். மனிதனை எண்ணால் அழைப்பது இழிவு என்று தோழர்கள் பேசுவார்கள். நமக்கோ அந்த எண் ஆறுதலாக இருந்தது. எண்ணுக்குச் சாதி இல்லையன்றோ! பண்டிதர் ஏன் ஒரு பெயருக்காக முப்பது ஆண்டுகள் போராடினார் என்பதை நாம் நூலில் படிப்பதற்கு முன்பே அந்த வாயிலில் படித்தோம்.

பண்டிதர் பழந்தமிழ் நூல்களையும் சுவடிகளையும் ஆராய்ந்து, தம் மக்கள் பூர்வத்தில் பௌத்தர்கள் என்றும், தருமத்தை விட மறுத்தமையால் தாழ்த்தப்பட்டார்கள் என்றும் முடிவு கண்டார். கர்னல் ஆல்காட் அவர்களுடன் தொடர்பு கொண்டார். 1898ஆம் ஆண்டு இலங்கைக்குச் சென்று, கொழும்பு வித்தியோதய பிரிவேணாவின் தலைவராகிய சுமங்கல மகாநாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். அதே ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் தோன்றியது. பெங்களூர், கோலார் தங்க வயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடங்களுக்கெல்லாம் அதன் கிளைகள் சென்றன. சுரங்கத்தின் இருளில் இறங்கிய தொழிலாளர் மாலையில் மேலே வந்து திரிசரணம் சொன்னார்கள். நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் 1956இல் தீட்சை பெறுவதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பௌத்தரான பின் பண்டிதர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அயோத்திதாசர் என்பது இராமன் பிறந்த ஊரின் தாசர் எனப் பொருள்படும் வைணவப் பெயர். வேதங்களையும் புராணங்களையும் கண்டித்து எழுதிய கை அப்பெயரால்தான் கையொப்பமிட்டது. மகள் ஒருத்திக்குப் புத்தபிரானின் அன்னையார் பெயரால் மாயாதேவி என்று பெயர் வழங்கிற்று. தமக்கோ ஆசிரியர் பெயரே போதும் என்றிருந்தார். பெயரை மாற்றுவது வேறு. தம்மை மாற்றுவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார் எனவே நாம் கொள்கிறோம்.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வாரப் பத்திரிகை வெளிவந்தது. ஓராண்டில் அது தமிழன் எனச் சுருங்கிற்று. கூலியாள் ஒருவன் ஒரு பைசாவில் வாங்கக்கூடிய அந்தத் தாளில் சரித்திரம், மருத்துவம், அரசியல், இலக்கணம், தருமம் அனைத்தும் வந்தன. இந்திரர் தேச சரித்திரமும், புத்தர் வரலாறாகிய ஆதிவேதமும் அவர் எழுதியவை. ஏழாண்டுகள் ஓயாமல் எழுதினார். 1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் மறைந்தார். பின்னாளில் கோலார் தங்க வயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் தமிழனை மீண்டும் நடத்தினார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த பண்டிதரின் எழுத்துகளை ஞான அலாய்சியஸ் தொகுக்க, அவை 1999இல் நூலாக வெளிவந்தன. தாம்பரத்துச் சித்த மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெரியோரைப் போற்றுவோர் அவர் குறையை மறைத்தல் தருமமன்று. தம் மக்களைத் தாழ்த்தப்பட்டவர் என உரைத்த பண்டிதர், வேறு சில குலத்தாரை இயல்பாகவே தாழ்ந்தவர் எனப் பிரித்து எழுதியதும் உண்டு. தம்மீது ஒட்டிய பெயரைக் கிழித்த கை பிறர்மீது ஒட்டிய பெயரை அப்படியே விட்டது. இதனைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டோ என்று கேட்பீராயின், இல்லை என்றே சொல்வோம்.

நாம் தீட்சை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, துப்புரவுத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த உபாசக இளைஞர் ஒருவருக்கு நம் மகளைக் கேட்டு அவர் பெற்றோர் வந்தனர். பிள்ளை நல்லவர், சீலம் உடையவர், நம் மகளுக்கும் சம்மதம். நாமோ ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினோம். ஜாதகம் பொய் என்று மேடைதோறும் முழங்கிய வாயால் சொன்னோம்! அவர்கள் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றனர். ஜாதகம் நம் வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அன்றிரவு மகள் கேட்டாள். நாம் விடை சொல்லவில்லை. சில மாதங்கள் மேடை ஏறுவதை விட்டோம். பின்பு மன்னிப்பு வேண்டி அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது அந்த இளைஞருக்கு வேறிடத்தில் மணம் முடிந்திருந்தது. அவர் தாயார் நமக்குத் தேநீர் கொடுத்தார். அதைக் குடித்த போதுதான், நம் மார்பிலிருந்து அகன்றதாக நாம் நினைத்திருந்த பித்தளை வில்லை உள்ளே தொங்கிக் கொண்டிருந்ததைக் கண்டோம்.

ஆகவே பண்டிதர் சரித்திரத்தினின்றும் நாம் கொள்ள வேண்டுவது யாது? பிறர் இட்ட இழிபெயரை ஏற்காதே என்பது முதற்படி. 1990ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் பௌத்தராகிய பட்டியல் வகுப்பாருக்கும் சலுகை உரிமை உண்டு. ஆதலின் கணக்கெடுப்போர் வரும்போது அஞ்சி வேறு மதம் சொல்ல வேண்டுவதில்லை. நாம் பௌத்தர் எனத் துணிந்து சொல்லுவோம். ஆயின் படி அத்துடன் முடியவில்லை. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி விளக்கிய உண்மையை அன்பர்கள் அறிவீர்கள். சக்கரத்தையும் அச்சையும் நுகத்தையும் தனித்தனியே நோக்கின் தேர் என ஒன்று இல்லை. தேர் என்பது வழங்குதற்கு ஒரு பெயர். அவ்வாறே நான் என்பதும் ஐந்து கந்தங்களின் கூட்டத்திற்கு வழங்கும் பெயர். நான் என்பதே பெயராயின், அதன்மேல் ஒட்டிய குலம் எங்கே நிற்கும்? நாம் தாழ்ந்தவர் என்பதும் பொய். பிறரினும் உயர்ந்தவர் என்பதும் பொய். பௌத்தர் என்னும் பெயரும் சீலத்தால் நிரம்பாதவரை வெறும் சொல்லே.

காத்தவராயன் என்னும் சிறுவன் பெயர்களைக் கடந்து நடந்த வழி இன்னும் முடியவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னே வைப்பது நம் கடன். அவ்வடியை வீதியில் வைப்பதற்கு முன் நம் வீட்டு வாசலில் வைப்போமாக.

சகல ஜீவர்களும் சுகமடைவார்களாக.