காந்தியடிகளும் தலைப்பாகையும்

நம் கொங்கு நாட்டில் உருமாலுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பை முதியோர் அறிவர். பண்ணையார் எதிர்ப்பட்டால் ஏழை உழவன் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பான். தென்னாப்பிரிக்கச் சூலு மக்களிடையிலும், மணம்புரிந்த ஆடவர் தலைமயிரோடு சேர்த்தமைத்த வளையத்தால் தம் தகுதியைக் காட்டினர். அந்நாட்டிலேதான் காந்தியடிகள் தலைப்பாகையின் பொருட்டு முதன்முதல் வழக்காட நேர்ந்தது.

1869-ல் போர்பந்தரில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டரான அடிகள், 1893-ல் டர்பன் நகரை அடைந்தார். ஆங்கு மாஜிஸ்திரேட் தலைப்பாகையைக் கழற்றும்படி பணிக்க, அவர் மறுத்து வெளியேறினார், பத்திரிகைக்கும் எழுதினார். ஆயின் மறு ஆண்டு, வக்கீலாகப் பதிவுபெற்ற அன்று, பிரதம நீதிபதியின் சொற்கிணங்கிக் கழற்றிவிட்டார். நண்பர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சிறு பூசலில் ஆற்றலைச் செலவிடலாகாதென்பது அவர் கருத்து.

அக்காலத்தே ஒருநாள், பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலியாள் அவரிடம் வந்தான். எசமானன் அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன, வாயில் குருதி, உடையெல்லாம் கிழிசல். அந்நிலையிலும் அவன் தலைப்பாகையைக் கையிலே பிடித்திருந்தான்! வெள்ளையர்முன் செல்லும் இந்தியர்க்கு அதுவே விதியாயிருந்தமையால், பாரிஸ்டர் முன்னும் அவ்வாறே நின்றான். அடிகள் அதனை மீண்டும் கட்டிக்கொள்ளச் செய்தார். தயங்கித் தயங்கிக் கட்டினான்; ஆனால் முகம் மலர்ந்தது. பின்னரே மருத்துவரும் நீதிமன்றமும். வேறொரு எசமானனிடம் அவனை மாற்றுவித்தார். அடிகளின் வாழ்வில் இந்நிகழ்ச்சியையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அதில் பாதிப்புண்டவன் நம்மவன் என்பதனால் மட்டுமன்று.

1913-ல் வேலைநிறுத்தம் செய்த இந்தியத் தொழிலாளர் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அடிகள் தலையை மழித்து, கூலியாளரின் உடையையே துக்க உடையாகப் பூண்டார். 1915-ல் தாயகம் திரும்புங்கால் கத்தியவார்ப் பாகை அணிந்து வந்தார். பின்னர் அதனையும் விடுத்துக் குல்லாய்க்கு மாறினார். 1921 செப்டம்பரில் மதுரைக்குச் செல்லும் ரயிலில், கதர் வாங்கப் பணமில்லை என்று ஏழைப் பயணிகள் கூறக் கேட்டார். 22-ஆம் நாள் தலையை மழித்து, குல்லாயையும் சட்டையையும் நீக்கி, முழந்துண்டு உடுத்தார். அக்டோபர் முடியும்வரை என்றுதான் முதலில் உறுதிகொண்டார். வாழ்நாள் முழுதும் அதுவே நிலைத்தது.

விந்தை யாதெனில், ஊரெல்லாம் காந்திக் குல்லாய் அணிந்த காலத்தில் காந்தியடிகளின் தலையில் குல்லாய் இல்லை. 1927-ல் அவர் கோவைக்கும், கதருக்குப் பேர்போன திருப்பூருக்கும் வந்தபோது, திரண்ட மக்கள் கண்டது அந்தத் திறந்த தலையையே. 1931-ல் லண்டன் அரண்மனையில் மன்னர் அளித்த விருந்துக்கும் அவர் அக்கோலத்திலேயே சென்றார்.