வறுமையை அளந்த புள்ளியியலாளர்

விடுதலை பெற்ற இந்தியாவில் எளிய வினா ஒன்றிற்கு விடை இல்லாதிருந்தது. சிற்றூரில் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு ஈட்டுகிறது? பத்தாண்டுகளுக்கு முன்னிருந்ததைவிட அதன் நிலை உயர்ந்ததா, தாழ்ந்ததா? இதனை அறியாமல் தீட்டப்படும் திட்டம் இருட்டில் எய்த அம்பு போன்றது. இவ்வினாவிற்கு விடை காணும் வழியை வகுத்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிசு.

கொல்கத்தாவில் 1893 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள் பிறந்த அவர், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். அங்கே கணிதமேதை இராமானுசன் அவருக்கு நண்பரானார். குளிரில் நடுங்கிய இராமானுசனுக்குக் கம்பளி விரிப்புகளுக்கு இடையே புகுந்து உறங்கும் முறையைக் கற்பித்தவர் அவரே. படிப்பு முடிந்து 1915 இல் தாயகம் திரும்பும் வேளையில், ‘பயோமெட்ரிக்கா’ என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகள் அவர் கைக்குக் கிட்டின. கப்பலிலேயே அவற்றைப் படிக்கத் தொடங்கினார். இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்ற இளைஞரின் மனம் புள்ளியியலில் ஊன்றியது. 1931 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அவரால் தோன்றியது.

வங்கத்தில் சணல் விளையும் பரப்பினை அறிய வேண்டியிருந்தது. சில வயல்களை மட்டும் வாய்ப்பு முறையில் தெரிவு செய்து அளந்தாலே போதும் என்றார் மகலனோபிசு. பலர் நம்ப மறுத்தனர். 1937 முதல் சிறிய அளவில் தொடங்கி, ஆண்டுதோறும் ஆய்வினை விரித்துச் சென்றார். ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பியது அவர்தம் நுட்பம். இரு குழுவினரின் விடைகளும் நெருங்கி வந்தால் அவற்றை நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பிழை உள்ளது. களத்திற்குச் செல்லாமலே படிவத்தை நிரப்புவோருக்கு இம்முறை பெரும் இடையூறாயிற்று.

1943 ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. உயிர் பிழைத்தோர் நிலை யாது? 1943 ஜனவரியில் அக்குடும்பத்திடம் எவ்வளவு நிலம் இருந்தது, எத்தொழில் செய்தது, 1944 மே மாதத்தில் எஞ்சியது என்ன என வீடுவீடாகச் சென்று அவருடைய குழுவினர் வினவினர். நிலத்தை விற்றவர்களும் தொழிலை இழந்தவர்களும் எண்களாக வெளிப்பட்டனர்.

1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. முதற்சுற்றுக்கு 1833 ஊர்கள் தெரிவு செய்யப்பட்டன. வருமானத்தை நேரடியாகக் கேட்பதில் இடர் இருந்தது. உழவர் கணக்கேடு வைப்பதில்லை. கூலியோ பல இடங்களில் நெல்லாக வந்தது. வீட்டுப் பசுவின் பாலுக்கு எவரும் விலை குறிப்பதில்லை. வரி வந்துவிடுமோ என்னும் அச்சமும் உண்டு. எனவே குடும்பத்தின் நுகர்வுச் செலவைக் கேட்டனர். உண்டதும் உடுத்ததும் நினைவில் நிற்குமன்றோ? அந்த நினைவும் சோதிக்கப்பட்டது. ஒரு வாரக் கணக்கையும் ஒரு மாதக் கணக்கையும் நேரில் நிறுத்துப் பார்த்த தானியத்தோடு ஒப்பிட்டபோது, மாதக் கணக்கே உண்மைக்கு அருகில் நின்றது.

திரட்டிய எண்களைப் படிக்கும் முறையிலும் கவனம் தேவை. ஐந்து குடும்பங்களின் மாதச் செலவு 20, 25, 30, 35, 390 ரூபாய் எனக் கொள்வோம். சராசரி 100 ரூபாய். ஆனால் நான்கு குடும்பங்கள் அதனை எட்டவே இல்லை. வரிசையின் நடுவில் நிற்கும் 30 ரூபாயே அவ்வூரின் வாழ்வை உள்ளவாறு காட்டும். இதனை இடைநிலை என்பர். மகலனோபிசு இன்னும் ஒருபடி மேலே சென்றார். எல்லாக் குடும்பங்களையும் ஏழ்மையிலிருந்து செல்வம் நோக்கி வரிசைப்படுத்தி, சம அளவுள்ள பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவின் நிலையையும் கோடாக வரைந்தார். இரு குழுவினர் தரவுகளுக்கும் இரு கோடுகள். அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பே பிழையின் அளவு. இரு வேறு ஆண்டுகளின் கோடுகளுக்கு இடையிலான விலகல் அப்பிழையைவிடப் பெரிதாயிருந்தாலன்றி, மக்கள் நிலை மாறியது எனச் சொல்ல இயலாது. 1960 இல் இம்முறையை அவர் வெளியிட்டார்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அவர் அளித்த வரைவு பற்றிக் கருத்து வேறுபாடுகள் இன்றும் உள்ளன. அது தனியே பேசத்தக்கது. திட்டங்களால் பெருகிய வருவாய் எவரிடம் சேர்ந்தது என்னும் கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தபோது, அதனை ஆராய 1960 இல் அமைந்த குழுவிற்கு அவரே தலைவரானார். 1964 இல் வெளிவந்த அறிக்கை, ஏற்றத்தாழ்வு குறைந்ததாகத் துணிந்துரைக்கவில்லை. தம் திட்டத்திற்குச் சாதகமான முடிவினை அவர் எண்களிலிருந்து வலிந்து பெற முயலவில்லை என்பது எண்ணத்தக்கது.

1972 ஜூன் 28 அன்று, தம் 79 ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள் மகலனோபிசு மறைந்தார். ஒன்றிய அரசின் கணக்கெடுப்பாளர்கள் ஒருபுறம் தரவு திரட்ட, மாநில அரசுகள் தம் பங்கிற்கு வேறு ஊர்களில் அதே படிவத்துடன் தரவு திரட்டும் வழக்கம் அவர் காலத்திலேயே உருவாயிற்று. தமிழ்நாட்டில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை அப்பணியைச் செய்து வருகிறது.