கல்லிடைக்குறிச்சி மச்சுல ஒரு கொள்ளைக் கப்பல்

ஜாக் ஸ்பாரோவை உங்களுக்குத் தெரியும். ஒன் பீஸ் ஆயிரம் எபிசோடைத் தாண்டிருச்சுன்னும் தெரியும். அகூதாவைத் தெரியுமா? சீனக் கடற்கொள்ளைக்காரன். நம்ம ஊரு ஹீரோவுக்குக் கடல்ல சண்டை போடக் கத்துக்கொடுத்த ஆளு. 'கடல் புறா'ங்கிற தமிழ் நாவல்ல வர்றான். அவனை எழுதினவர் சாண்டில்யன்.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தினது எங்க ஆச்சி. ஆச்சி வீடு கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர் போன ஊரு. மலை பக்கம், தாமிரபரணி பக்கம், கடல் மட்டும் ரொம்ப தூரம். அந்த வீட்டு மச்சுல, குமுதத்துல வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழிச்சு, நூல் போட்டுத் தைச்சு, பழைய காலண்டர் அட்டை ஒட்டின மூணு தடிப் புத்தகம் இருந்துச்சு. லதா வரைஞ்ச படங்களோட.

பிளஸ் ஒன் லீவுல ஆச்சிக்குக் கண் ஆபரேஷன். படிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அதனால என்னை வாசிக்கச் சொன்னா. நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். முதல் பக்கத்துலயே பத்து இடத்துல தடுக்கி விழுந்தேன். ஆச்சி கண்ணை மூடிட்டே அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தா. அசிங்கமாத்தான் இருந்துச்சு.

அதனாலதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிச்சப்ப ஒரு விஷயம் எனக்குப் பெரிசாப் பட்டுச்சு. இவ்வளவு சம்ஸ்கிருதமும் தமிழும் கலந்து எழுதின மனுஷன், எழுத ஆரம்பிச்ச பிறகுதான் திருக்கண்ணபுரம் ஸ்ரீநிவாசாச்சாரியார்கிட்டப் போய் முறையாத் தமிழ் படிச்சிருக்கார்.

இயற்பெயர் பாஷ்யம். 1910 நவம்பர் 10-ல் பிறந்தார். சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கத்துல திருஇந்தளூர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில படிக்கும்போது ராஜாஜியோட தாக்கத்துல சுதந்திரப் போராட்டம் பக்கம் திரும்பினார். அப்புறம் சென்னை, தி.நகர். அங்கே கல்கியோட பழக்கம். ஆனந்த விகடன்ல சிறுகதைகள் வந்துச்சு. சாப்பாட்டுக்கு சுதேசமித்திரன்ல நிருபர் வேலை.

நடுவுல சினிமாவும் உண்டு. 1945-ல் வந்த 'ஸ்வர்க்க சீமா', 1953-ல் நாகையாவோட 'என் வீடு' ரெண்டுலயும் எழுத்துப் பணி செஞ்சிருக்கார். முதல் நாவல் 'பலாத்காரம்' சரித்திரக் கதை இல்லை, அரசியல் நாவல். அதைத் தானே காசு போட்டு வெளியிட்டார். வாளும் கப்பலும் வந்தது அதுக்கு அப்புறம்தான். முதல்ல அமுதசுரபி, பிறகு குமுதம். குமுதம் அவருக்கு மாசச் சம்பளமே கொடுத்துச்சு. தொடர்கதை எழுத மாசச் சம்பளம்! தமிழ்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் அது வாய்ச்சிருக்கு. ஆனா வாராவாரம் அத்தியாயம் கொடுத்தே ஆகணும், ஒவ்வொண்ணும் ஒரு கத்தி நுனியில நிக்கணும். அசைன்மென்ட் டெட்லைனுக்கே அழுற நாம அதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

'கடல் புறா' ஹீரோ கருணாகரத் தொண்டைமான் நிஜ ஆளு. முதலாம் குலோத்துங்கனோட தளபதி, கலிங்கப் போரை நடத்தினவன், கலிங்கத்துப்பரணியில வர்றவன். வரலாறு கொடுத்தது அவ்வளவுதான். அவனைக் கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்துல மாட்டிவிட்டு, அகூதாகிட்டப் பயிற்சிக்கு அனுப்பி, கொள்ளைக்காரங்க கோட்டையான அக்ஷயமுனையில போர்க்கப்பல் கட்ட வெச்சது சாண்டில்யன். மெக்கானிக்கல் பசங்களே, அந்தக் கப்பல் கட்டுற பகுதியை விடாதீங்க.

'ஜலதீபம்' இன்னும் சுவாரஸ்யம். அதுல வர்ற கனோஜி ஆங்கரே மராட்டியக் கடற்படைத் தலைவர். இங்கிலீஷ்காரன் கணக்குல அவர் கடற்கொள்ளைக்காரர். இன்னைக்கு மும்பையில நம்ம கடற்படைத் தளம் ஒண்ணுக்குப் பேரு ஐ.என்.எஸ். ஆங்கரே. யாரு கொள்ளைக்காரன்ங்கறது யாரு எழுதுறாங்கங்கிறதைப் பொறுத்துதான் போல.

குறையும் சொல்லிடறேன். கதாநாயகி ஒருத்தி உள்ளே வந்தா மூணு பக்கத்துக்கு வர்ணனை. ஆச்சிகிட்ட வாசிக்கும்போது அந்த இடம் வந்தா எனக்குக் காது சிவந்துரும். ஆச்சி அசரவே மாட்டா, அவளே தள்ளு, சண்டைக்குப் போன்னுடுவா. ஒரே மாதிரி சாகச வீரன், அவனுக்கு ரெண்டு காதலி. இலக்கியம் பேசுறவங்க அவரைக் கணக்குலயே எடுத்துக்கலை. அதுல பாதி நியாயம் இருக்கு. ஆனா நான் தமிழ்ல முழுசாப் படிச்ச முதல் நாவல் அவங்க யாரும் எழுதினது இல்லை.

குமுதத்தை விட்டு வந்து 'கமலம்'னு சொந்தமாப் பத்திரிகை நடத்தினார், ஓடலை. புத்தகங்கள் மட்டும் வானதி பதிப்பகத்துல வித்துக்கிட்டே இருந்துச்சு. 1987 செப்டம்பர் 11-ல் இறந்தார்.

ஆச்சியோட பைண்டிங்ல மூணாம் பாகத்துக் கடைசிப் பக்கங்கள் கரையான் அரிச்சுப் போச்சு. கட்டு பிரிச்ச அன்னைக்குத்தான் அதைக் கவனிச்சோம். எப்படி முடியும்னு கேட்டேன். புத்தகத்தை வாங்கிட்டு வந்து எனக்கும் சேர்த்து வாசின்னா. அடுத்த நாள் அம்பாசமுத்திரம், அங்கே இல்லைன்னு திருநெல்வேலி வரைக்கும் பஸ்ல போய் வாங்கிட்டு வந்தேன்.