அண்ணல் வாழ்ந்தபோதே எழுந்த சிலை

அண்ணல் அம்பேத்கர் சிலையைக் கூண்டுக்குள் பார்த்தே பழகிவிட்டோம். தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு வேறொரு சிலையைச் சொல்ல வேண்டும்.

1891இல் பிறந்தவர் அண்ணல். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்கு வந்தவரை, சாதி தெரிந்ததும் பார்சி விடுதியிலிருந்து துரத்தினார்கள். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அப்படியல்ல. அண்ணலின் ‘மூக்நாயக்’ இதழுக்குப் பண உதவி செய்தார். 1920இல் அண்ணல் தலைமையில் நடந்த மாண்காவ் மாநாட்டுக்கு நேரிலேயே வந்து, இவரே உங்கள் தலைவர் என்று மக்களிடம் சொன்னார்.

அந்தக் கோலாப்பூரின் பிந்து சௌக்கில்தான் 1950 டிசம்பர் 9இல் அண்ணலின் மார்பளவு வெண்கலச் சிலை எழுந்தது, பக்கத்திலேயே மகாத்மா பூலேவுக்கும். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு. அண்ணலுக்கு வயது 59. அவர் மறைந்தது 1956இல்தான். முன்னின்று சிலை வைத்த மாதவராவ் பாகல் தலித் அல்லர். வைத்த இடமும் சேரி முனை அல்ல, நகரின் நாற்சந்தி.

நம் பக்கம் பொது இடத்தில் சிலை வைக்க மனுக் கொடுத்தால், முதலில் கூட்டுவது சமாதானக் கூட்டம்!